பெயின்ட் ரிமூவர் வேலையில் தலை சுற்றினால்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிப்பது

கொட்டாஞ்சேனையில் எங்களுடையது ஒரு சின்னப் பட்டறை. பழைய கதவு, யன்னல், அலுமாரி, கட்டில் என்று எது வந்தாலும் பெயின்டை உரித்து, உள்ளே இருக்கும் தேக்கையோ முதிரையையோ வெளியே எடுத்து, திரும்பப் பொலிஷ் போட்டுக் கொடுப்போம். பத்தொன்பது வருஷமாக இதுதான் என் பிழைப்பு.

சில வருஷத்துக்கு முன்னால் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டில் பாத்ரூம் கதவு நிலையை உரிக்கும் வேலை வந்தது. ஹட்டனிலிருந்து வந்து எங்களோடு வேலை பழகிக்கொண்டிருந்த தம்பி ஒருவர்தான் உள்ளே இருந்தார். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, மணம் போகக்கூடாது என்று நல்ல எண்ணத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்திருக்கிறார். முக்கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டால் பதில் இல்லை. திறந்து பார்த்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது, ஆனால் பேச்சு வரவில்லை. வெளியே இழுத்துக் கொண்டுவந்து காற்றில் போட்டோம். பத்து நிமிஷத்தில் எழுந்து, "ஒன்றுமில்லை அண்ணா, கொஞ்சம் மயக்கமாக வந்தது" என்றார். ஒரு பிளேன்டீ குடித்தார், இரண்டு பனடோல் போட்டார், பஸ் ஏறித் தெமட்டகொடையில் தங்கியிருந்த அறைக்குப் போய்விட்டார்.

இரவு பத்து மணிக்கு அவரோடு தங்கியிருந்த பையன் போன் எடுத்தான். தலையிடி தாங்க முடியவில்லை, வாந்தி, நெஞ்சு படபடக்கிறது என்றான். ஆஸ்பத்திரியில் "என்ன பாவித்தீர்கள்?" என்று கேட்டதற்கு நான் "தின்னர்" என்றேன். எனக்கு அவ்வளவுதான் தெரியும். விரலில் மாட்டும் கருவி 98 காட்டியது. அந்த டின்னில் இருந்த பெயரைப் பையனை அனுப்பி எடுப்பித்துச் சொன்ன பிறகுதான் இரத்தத்தை வேறு விதமாகச் சோதித்தார்கள். புகைக்குள் மாட்டியவரின் இரத்தம் போல அதில் காபன் மொனொக்சைட் ஏறியிருந்தது. ஒட்சிசன் கொடுத்து இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அவர் நலமாக இருக்கிறார்.

அந்த டின்னில் இருந்தது டைக்குளோரோமீதேன் என்ற கரைப்பான். அதற்குப் பிறகு அதைப் பற்றி நான் படித்ததையும், கேட்டறிந்ததையும், பட்டறையில் மாற்றியதையும் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம்.

ஆள் விழுந்து கிடக்கிறார்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், மற்றதையெல்லாம் வாசித்துக்கொண்டிருக்க அப்போது நேரம் இராது.

உள்ளே பாயாதீர்கள். பாத்ரூம், தண்ணீர்த் தாங்கி, படிக்கட்டுக்குக் கீழே உள்ள அறை போன்ற இடங்களில் ஒருவர் விழுந்தால், அவரை விழுத்திய ஆவி அங்கேயேதான் நிற்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுவையில் இழுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் குனிந்து ஒரு ஆளைத் தூக்கப் போகிற கணத்தில் மூச்சு தானாக வந்துவிடும். காப்பாற்றப் போனவரும் அவர் பக்கத்திலேயே விழுந்த சம்பவங்கள் உலகம் முழுக்க உண்டு. நாங்கள் அன்று யோசிக்காமல் பாய்ந்தோம். தம்பி கதவோரத்தில் இருந்தபடியால் தப்பினோம், அவ்வளவுதான்.

சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள். கதவு, யன்னல் எல்லாவற்றையும் வெளியிலிருந்து திறவுங்கள். கைக்கு எட்டினால் காலையோ உடுப்பையோ பிடித்து வெளியே இழுங்கள். ஒருவர் 1990 என்ற ஆம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்கட்டும். வெளியே வந்த பிறகு, மூச்சு இருந்தால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். மூச்சு இல்லை என்றால், தெரிந்தவர் நெஞ்சழுத்தம் தொடங்க வேண்டும். திரவம் நனைந்த உடுப்பைக் கழற்றித் தோலைத் தண்ணீரால் கழுவுங்கள். டின்னின் லேபிளைப் போனில் படம் எடுத்து, போகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள். தின்னர் என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்.

டின்னில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை

எல்லாப் பெயின்ட் ரிமூவரும் ஒன்றல்ல. நான் இங்கே எழுதுவது டைக்குளோரோமீதேன் உள்ளதைப் பற்றி. லேபிளில் மெதிலீன் குளோரைட் என்றும், மெதிலீன் டைகுளோரைட் என்றும் போட்டிருப்பார்கள். பாடசாலையில் இரசாயனம் படித்தவர்களுக்கு இருகுளோரோமெதேன் என்றால் தெரியும். பெயர் எப்படி இருந்தாலும் 75-09-2 என்ற இலக்கம் இருந்தால் அது இதுதான்.

பழைய சோனகத் தெரு, குவாரி வீதிப் பக்கம் ஹார்ட்வெயார் கடைகளில் மூடி போட்ட டின்னாகவும் கிடைக்கும். சில இடங்களில் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றிக் கட்டியும் தருவார்கள். லேபிள் இல்லாததை வாங்கவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஏற்கெனவே கையில் இருந்தால், தூக்கிப் பார்த்தாலே ஒரு குறிப்புக் கிடைக்கும். சாதாரண தின்னர் தண்ணீரை விட இலேசு. இது பாரம், சுத்தமான திரவம் ஒரு லீற்றர் ஏறத்தாழ 1.3 கிலோ. முற்றத்தில், காற்றில் நின்று, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் தின்னர் மேலே மிதக்கும், இது அடியில் போய்க் குந்தும். மணம் கொஞ்சம் இனிப்பாக இருக்கும். ரிமூவரில் மெதனோல், மெழுகு, கெட்டிப்படுத்தும் பொருள் எல்லாம் சேர்ந்திருப்பதால் இந்தச் சோதனையை முடிந்த முடிவாக எடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் இதுதான் என்று நினைத்தே நடந்துகொள்ளுங்கள்.

இதன் பாவனை பெயின்ட் உரிப்பதோடு நிற்பதில்லை. பெயர்ப்பலகை செய்கிறவர்கள் அக்ரிலிக் தகடுகளை ஒட்டுவதற்கு இதைப் பாவிப்பார்கள். மருந்துத் தயாரிப்பிலும், உலோகத்தில் உள்ள கிரீஸைக் கழுவுவதிலும், மெத்தைக்கான ஃபோம் செய்வதிலும், கோப்பிக்கொட்டையிலிருந்து கஃபீனை எடுப்பதிலும் கூட இது வேலை செய்கிறது. எண்ணெய்ப்பசை, பிசின், பிளாஸ்டிக் என்று எதையும் கரைக்கும், சட்டென்று ஆவியாகிவிடும், இலகுவில் தீப்பிடிக்காது. தொழிலில் இதற்கு இவ்வளவு மதிப்பு வந்தது இதனால்தான். தின்னர் எரியும், இது எரியாது, ஆகவே இது பாதுகாப்பானது என்று நானே பல பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அது பெரிய பிழை.

வேலை செய்யும்போது தலை பாரம், தள்ளாட்டம், ஒரு மாதிரி உற்சாகம்

இரண்டு கிளாஸ் குடித்தவர் போல இருப்பார். பேச்சு கொஞ்சம் குழறும், சின்ன விஷயத்துக்குச் சிரிப்பு வரும், ஸ்க்ரேப்பர் கையிலிருந்து நழுவும். இது மூளையை மந்தமாக்கும் முதல் கட்டம். பழைய காலத்தில் சத்திரசிகிச்சைக்கு முகர வைத்த குளோரோஃபோமுக்கு இது நெருங்கிய உறவு.

காரணம் ஏறக்குறைய எப்போதும் காற்றோட்டம்தான். இங்கே இரண்டு விஷயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். ஒன்று, இது 40 பாகையில் கொதித்துவிடும். கொழும்பில் சாதாரண பகல் வெயிலே 30, 31. தகரக் கூரைப் பட்டறைக்குள் 35ஐத் தொடும். அதாவது நாம் இதைத் திறந்து பிரஷ்ஷில் தொடும்போது கொதிநிலைக்குச் சில பாகை கீழேதான் நிற்கிறோம். குளிர் நாட்டில் எழுதிய எச்சரிக்கையை இன்னும் ஒரு மடங்கு கூட்டித்தான் நாம் வாசிக்க வேண்டும்.

இரண்டாவது, இதன் ஆவி காற்றை விட ஏறத்தாழ மூன்று மடங்கு பாரம். தண்ணீர் ஊற்றியதுபோலக் கீழே இறங்கித் தரையோடு தேங்கி நிற்கும். நம் பாத்ரூம்களில் யன்னல் எங்கே இருக்கிறது? தலைக்கு மேலே, ஒரு சின்னக் கண்ணாடித் தட்டு யன்னல். அதைத் திறந்து வைத்துவிட்டு "காற்று வருகிறது" என்று தரையில் குந்தி கதவு நிலையின் அடியை உரித்தால், நாம் அந்தக் குளத்துக்குள்ளேதான் இருக்கிறோம். அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை, பழைய குளியல் தொட்டிகளின் பூச்சை உரிக்கும் வேலையில் மட்டும் 13 பேர் இதனால் இறந்ததை அங்குள்ள வேலைத்தலப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரித்துப் பதிவு செய்திருக்கிறது. தொட்டிக்குள் ஊற்றி, தொட்டிக்கு மேல் குனிந்து வேலை செய்தவர்கள். தொட்டி ஆவியைப் பிடித்து வைத்திருக்கிறது.

செய்ய வேண்டியது: உடனே வெளியே வாருங்கள், அன்றைக்கு அந்த வேலைக்குத் திரும்பிப் போகாதீர்கள். அடுத்த நாள் கதவைக் கழற்றி முற்றத்துக்கோ மொட்டை மாடிக்கோ கொண்டுபோய் வேலை செய்யுங்கள். கழற்ற முடியாத கதவு நிலை, யன்னல் சட்டம் என்றால் இந்த ரிமூவரைப் பாவிக்கவே வேண்டாம். சீலிங் ஃபேன் இருக்கும் ஆவியைக் கலக்கி மூக்குக்குக் கொண்டுவரும், வெளியே அனுப்பாது. ஏ.சி. அறை என்றால் அதே காற்று திரும்பத் திரும்பச் சுற்றும். முற்றத்திலும் காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நில்லுங்கள். தரையில் விளையாடும் பிள்ளைகளையும் பூனையையும் அந்தப் பக்கம் விடாதீர்கள், ஆவி இருப்பது அவர்கள் உயரத்தில்.

"முதலில் மணத்தது, இப்போது மணம் இல்லை"

ஆவி போய்விட்டது என்று அர்த்தமில்லை. மூக்கு பழகிவிட்டது. பெரும்பாலானவர்களுக்கு மணம் தெரியத் தொடங்குவதே காற்றில் 200, 250 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு) அளவில்தான். அமெரிக்காவில் 1997இல் வகுத்த வேலைத்தல எல்லை, எட்டு மணி நேரச் சராசரிக்கு 25 பிபிஎம். அங்கே 2024இல் சுற்றாடல் முகவரகம் 2 பிபிஎம் என்று இன்னும் இறுக்கமான எல்லையை வகுத்தது. ஆகவே மணம் தெரிகிறது என்றாலே அளவு எங்கேயோ தாண்டிவிட்டது. மூக்கை நம்பி இந்த வேலையைச் செய்ய முடியாது.

வீட்டுக்குப் போன பிறகும் தலையிடி விடவில்லை

இந்தத் தலைப்புக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

தின்னர் மயக்கம் என்றால் நமக்குப் பழக்கம் உண்டு. வெளியே வந்தால் தெளியும், தெளிந்தால் சரி. டைக்குளோரோமீதேன் அப்படியல்ல. உடலுக்குள் போன திரவத்தில் ஒரு பங்கை ஈரல் உடைக்கிறது. உடைக்கும்போது உண்டாவது காபன் மொனொக்சைட். மூடிய கராஜில் வாகனத்தை ஓட விட்டால் ஆளைக் கொல்லும் அதே வாயு, நம் உடலுக்குள்ளேயே உற்பத்தியாகிறது. 1972இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டுவர்ட் என்ற வைத்தியரும் அவருடைய குழுவும்தான் இதை முதலில் வெளியிட்டார்கள்.

திரவம் கொழுப்பில் தங்கிக்கொண்டு மெதுமெதுவாக இரத்தத்துக்கு வரும். அதனால் நீங்கள் வேலையை விட்டு, கை கழுவி, பஸ் ஏறி, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதும் ஈரல் காபன் மொனொக்சைட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். உச்ச அளவு வேலை முடிந்து சில மணி நேரம் கழித்து வரலாம். புகையில் மாட்டியவருக்குச் சாதாரணக் காற்றில் அந்த வாயு பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் போதும். இதில் அதைப் போல இரண்டு மடங்கு, அதற்கு மேலும் எடுக்கும். எங்கள் தம்பிக்குப் பின்னேரம் தெளிந்து இரவு பத்துக்கு மோசமானது இதனால்தான்.

ஆகவே தலையிடி, குமட்டல், களைப்பு, குழப்பமான பேச்சு இவை வேலை முடிந்த பிறகு வந்தாலோ, வந்து போகாமல் நின்றாலோ பனடோல் போட்டுப் படுக்க வேண்டாம். வலி குறையும், உள்ளே நடப்பது குறையாது. தூங்கிக்கொண்டிருப்பவர் மோசமாவது பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. வைத்தியசாலைக்குப் போங்கள். சாராயம் குடித்தால் உடல் நோ போய்விடும் என்று சிலர் செய்வது இன்னும் ஆபத்து, இரண்டு மயக்கமும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும்.

அங்கே மூன்று விஷயம் சொல்ல வேண்டும். திரவத்தின் பெயர் டைக்குளோரோமீதேன். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், மூடிய இடமா திறந்த இடமா. அது உடலுக்குள் காபன் மொனொக்சைட்டாக மாறும், ஆகவே இரத்தத்தில் கார்பொக்சி ஈமோகுளோபின் (காபன் மொனொக்சைட் ஏறிய ஈமோகுளோபின்) பார்க்க முடியுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். விரலில் மாட்டும் கருவியை நம்பி "ஒட்சிசன் 98, நன்றாக இருக்கிறார்" என்று திரும்பி வந்துவிடாதீர்கள். அந்தக் கருவிக்கு ஒட்சிசன் ஏறிய ஈமோகுளோபினும் காபன் மொனொக்சைட் ஏறியதும் ஒன்றுபோலத்தான் தெரியும். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நஞ்சுத் தகவல் நிலையம் இருக்கிறது. எந்த ஊர் வைத்தியரும் அவர்களைத் தொடர்புகொண்டு விபரம் கேட்கலாம்.

எங்கள் பட்டறையில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். யார் அன்றைக்கு ரிமூவர் தொட்டாரோ அவருக்கு இரவு ஒன்பது மணிக்கு நான் போன் எடுத்துக் கதைப்பேன். சாப்பிட்டாயா, தலையிடிக்கிறதா, ஆறு மணிக்கு எங்கே இருந்தாய் என்று கேட்டால் போதும். பேச்சில் தடுமாற்றம் இருந்தால் தெரிந்துவிடும். தனியாகத் தங்கியிருப்பவருக்கு இந்த வேலையைக் கொடுப்பதே இல்லை.

நெஞ்சு வலி, படபடப்பு

யோசிக்க வேண்டாம், 1990. காபன் மொனொக்சைட் இதயத்துக்குப் போகும் ஒட்சிசனைக் குறைக்கிறது. குளோரின் உள்ள கரைப்பான்கள் இதயத் துடிப்பின் ஒழுங்கையும் குலைக்கக்கூடியவை. ஏற்கெனவே இதய நோய் உள்ளவருக்கு இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1976இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் ஸ்டுவர்ட்டும் அவருடைய சகாவும் எழுதிய ஒரு சம்பவம் இருக்கிறது. ஓய்வு பெற்ற ஒருவர் தன் வீட்டு நிலவறையில் தளபாடத்துக்குப் பெயின்ட் உரித்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்தது. தேறி வந்து அதே வேலையைத் தொடங்கினார், திரும்பவும் வந்தது. மூன்றாவது முறை இறந்துபோனார். ரிமூவருக்கும் இதயத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எனக்கு அதை வாசித்தபோது எங்கள் தொழிலில் உள்ள வயதான பாஸ்மார் (கைத்தேர்ந்த தொழிலாளிகள்) எத்தனை பேரின் முகம் நினைவுக்கு வந்தது. பிரஷர், நெஞ்சு வருத்தம், சலரோகம் உள்ளவர்கள், புகைப்பவர்கள், கர்ப்பிணிகள் இந்த டின் திறந்திருக்கும் இடத்திலேயே நிற்கக் கூடாது. கர்ப்பத்தில் இருக்கும் பிள்ளைக்குக் காபன் மொனொக்சைட் தாய்க்குச் செய்வதை விட அதிகம் தீங்கு செய்யும். வீட்டுக்காரர் வீட்டில் இருந்துகொண்டே வேலை செய்விக்கிறார் என்றால் இதை முதலில் கேளுங்கள்.

கை எரிகிறது, கையுறை உப்பிவிட்டது

பார்மசியில் விற்கும் மெல்லிய கையுறை, குசினியில் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை, கராஜில் பாவிக்கும் நீல நைட்ரைல் எல்லாவற்றையும் இது சில நிமிஷத்தில் ஊடுருவிவிடும். கையுறை சுருங்கி, பொருமி, ஒட்டிப்போவதைக் கண்டால் திரவம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. வெறும் கையில் பட்டால் ஆவியாகிப் போயிருக்கும். கையுறைக்குள் மாட்டியது போக வழியில்லாமல் தோலைச் சுட்டுக்கொண்டே இருக்கும். மோதிரத்துக்குக் கீழே, மணிக்கூட்டு வாருக்குக் கீழே, சப்பாத்துக்குள் போனதும் அப்படித்தான்.

கழற்றிவிட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். கொப்புளம் வந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். இதற்குத் தாங்கும் கையுறை பல படை பிளாஸ்டிக் தகட்டில் செய்த லாமினேட் வகை. பொலிவைனைல் அல்கஹோல் கையுறையும் தாங்கும், ஆனால் அது தண்ணீரில் கெட்டுவிடும். லாமினேட்டை உள்ளே போட்டு, மேலே ஒரு தடித்த கையுறையைப் பிடிப்புக்காகப் போடலாம்.

மாஸ்க் போட்டும் மணக்கிறது

துணி மாஸ்க், தூசி மாஸ்க், கொரோனா காலத்து மாஸ்க் எதுவும் ஆவியைத் தடுக்காது. கரி நிரப்பிய உருளை பூட்டிய பெயின்டர் மாஸ்க் தின்னருக்குச் சரி. இதற்குச் சரியில்லை. குறைந்த வெப்பத்தில் ஆவியாகும் பொருளைக் கரி அதிக நேரம் பிடித்து வைத்திருக்காது, விரைவில் விட்டுவிடும். வெளியிலிருந்து குழாய் வழியாகக் காற்றுத் தரும் கவசமே வேண்டும் என்பதுதான் அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. கொழும்பில் கதவு உரிக்கும் ஒரு சின்னப் பட்டறையால் அதை வாங்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் திறந்த வெளியில் செய், முடியாவிட்டால் செய்யாதே என்று சொல்கிறேன்.

கண்ணில் தெறித்தது, வாயில் போனது

கண் என்றால் இமையைத் திறந்து பிடித்துக்கொண்டு இருபது நிமிஷம் ஓடும் தண்ணீர், அப்புறம் வைத்தியசாலை. விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், திரவம் நுரையீரலுக்குள் போகும். பல ரிமூவர்களில் மெதனோலும் இருக்கிறது. அது தனியாகவே கண்பார்வையைப் பறிக்கக்கூடியது. தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைக்க வேண்டாம் என்பது முக்கியமாக இதற்காகத்தான்.

பூசிய உடனே காய்ந்துவிடுகிறது, பெயின்ட் எழும்பவில்லை

இது வேலைப் பிரச்சினை. ஆனால் நான் பார்த்த ஆபத்துகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. காய்கிறதே என்று ஃபேனை நிற்பாட்டுவார்கள், யன்னலைச் சாத்துவார்கள், திரும்பத் திரும்ப ஊற்றுவார்கள்.

ரிமூவருக்குள் கொஞ்சம் மெழுகு கலந்திருக்கிறார்கள். பூசியதும் அது மேலே வந்து ஆடைபோலப் படிந்து, கீழே உள்ள திரவம் பறந்துபோகாமல் மூடிவைக்கும். பிரஷ்ஷை முன்னும் பின்னும் இழுத்தால் அந்த ஆடை கிழிந்துவிடும். தடிப்பாக, ஒரே திசையில், ஒரே தடவை வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். மேலே ஒரு பொலித்தீன் தாளை விரித்து மூடுங்கள். பொலித்தீனை இது சட்டென்று கரைக்காது. இருபது நிமிஷம் அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை. வெயிலில் வைக்காமல் நிழலில், காலை எட்டு மணிக்கு முன்னால் செய்தால் பாதித் திரவம் மிச்சம். இப்படிச் செய்யத் தொடங்கிய பிறகு எங்களுக்கு ஒரு கதவுக்குப் போகும் ரிமூவர் பாதியாகக் குறைந்தது. ஆவியும் அந்த அளவுக்குக் குறைந்தது.

உரித்த பிறகு மரத்தில் அந்த மெழுகு தங்கியிருக்கும். டர்பன்டைன் தொட்டுத் துடைக்காவிட்டால் பொலிஷ் பிடிக்காது, திட்டுத் திட்டாக வரும்.

நாலைந்து படை பழைய எனாமல் இருந்தால் ஒரே பூச்சில் எல்லாம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மேல் படைகளை ஸ்க்ரேப்பரால் எடுத்துவிட்டு அடியில் உள்ள படைக்கு மட்டும் ரிமூவர் வைப்பேன். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும், ஆகவே காய்ந்த சாண்ட்பேப்பர் போடாமல் நனைத்துத் தேயுங்கள்.

டைக்குளோரோமீதேனுக்குப் பதிலாகப் பென்சைல் அல்கஹோலில் செய்த ரிமூவரும் உண்டு, அது மெதுவாகத்தான் வேலை செய்யும். காலையில் வைத்தால் பின்னேரம் உரிக்கலாம். கழற்ற முடியாத கதவு நிலைகளுக்கு நாங்கள் இப்போது அதைத்தான் பாவிக்கிறோம், வீட்டுக்காரரிடம் ஒரு நாள் கூடக் கேட்டு வாங்குகிறோம். குளோரின் இல்லை என்று எழுதியிருக்கும் சிலவற்றில் என்எம்பி என்ற கரைப்பான் இருக்கும். அது கருவில் உள்ள பிள்ளைக்குக் கெடுதி, அதையும் பார்த்து வாங்குங்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2010க்கும் 2012க்கும் இடையில் படிப்படியாக டைக்குளோரோமீதேன் உள்ள ரிமூவரைப் பொதுப் பாவனையிலிருந்து எடுத்துவிட்டது. அமெரிக்கா 2019இல் வீட்டுப் பாவனைக்கு விற்பதைத் தடை செய்தது. அங்கெல்லாம் கதவுகளுக்கு இன்னும் பெயின்ட் உரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2014இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இதை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்ற வகையில் சேர்த்திருக்கிறது. வருஷக்கணக்கில் தொடுகிறவர்களுக்கு அதுவும் ஒரு காரணம்.

மூடியைத் திறக்கும்போது சீறி அடிக்கிறது

வெயிலில் இருந்த டின். உள்ளே ஆவி அழுத்தம் ஏறியிருக்கிறது. நிழலில் வைத்து, ஈரத்துணி சுற்றி ஆறவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறவுங்கள். முச்சக்கர வண்டியின் பின்னால், மூடிய வேனுக்குள் இதைக் கொண்டு போகாதீர்கள். அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றி வைக்கவும் வேண்டாம், அது அலுமினியத்தோடு தாக்கம் புரியக்கூடியது.

பக்கத்தில் நெருப்பு, மூக்கைக் குத்தும் புளித்த நெடி

இது இலகுவில் தீப்பிடிக்காது என்று சொன்னேன். ஆனால் இதன் ஆவி சூடான இரும்பிலோ நெருப்பிலோ பட்டால் உடைந்து ஹைட்ரஜன் குளோரைட்டும் பொஸ்ஜீனும் உண்டாகும். பொஸ்ஜீன் முதலாம் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பாவித்த வாயு. வெல்டிங் பொறி, கேஸ் அடுப்பு, வாயில் உள்ள சிகரட் எல்லாம் இதில் அடங்கும். இதைத் தடவிக் கழுவிய இரும்பு முற்றாகக் காயும் முன் வெல்டிங் போடக் கூடாது. பொஸ்ஜீனை முகர்ந்தவர் முதலில் இலேசான இருமலோடு நன்றாகவே இருப்பார். நுரையீரலில் நீர் கோர்ப்பது ஒரு நாள் கழித்தும் வரலாம். ஆகவே அந்த நெடி வந்து இருமினால் அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும்.

மிச்சத்தை எங்கே ஊற்றுவது

பாத்ரூம் குழியில் ஊற்றினால் பிவிசி குழாயின் மூட்டுகள் இளகும், கீழ் வீட்டுக்காரரின் குளியலறைக்கு ஆவி போகும். வெள்ளவத்தைக் கால்வாயிலோ வீதியோர வடிகாலிலோ ஊற்றினால் தண்ணீரை விடப் பாரமானது என்பதால் அடியில் இறங்கி மண்ணுக்குள் போகும். சுரண்டி எடுத்த சேற்றையும் துடைத்த துணியையும் மூடியுள்ள இரும்பு டின்னில் போட்டு, முற்றத்தில் நிழலில் வைக்கிறோம். அபாயகரமான கழிவைக் கையாள மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். எங்களைப் போன்ற சின்னப் பட்டறைகள் நாலைந்து சேர்ந்து டின் நிறைந்ததும் அப்படி ஒருவரிடம் கொடுக்கிறோம். ரிமூவரையும் நாலு லீற்றர் டின்னாக வாங்குவதை நிறுத்திவிட்டோம். கதவுக்கு ஏற்ற அளவு, லேபிளோடு, சின்ன டின்னாக வாங்கினால் மூடி வைக்க மிச்சம் அதிகம் இருப்பதில்லை.